அணைவுச் சேர்மப் பாடத்தின் நடுவில் நோயாளிக்கும் இடம் கொடுங்கள்: நெல்லைச் சீமையின் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், பாடத்திட்டக் குழுக்களில் பொறுப்பேற்றிருக்கும் மூத்தோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் வீரவநல்லூரில் பிறந்து, பாளையங்கோட்டையில் வேதியியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் பணியில் இருப்பவன். உங்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். நோயாளியின் உடலுக்குள் சென்று எலும்பையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் படம்பிடிக்க உதவும் கதிரியக்க உலோக அணைவுகளை, அணைவுச் சேர்மப் பாடத்தின் கடைசியில் 'பயன்கள்' என்ற தலைப்பின்கீழ் ஒற்றை வரியாகச் சொல்லிக் கடந்துவிடாமல், பாடத்தின் நடுவில் வைத்து நடத்துங்கள். அவற்றுக்கு வேண்டிய ஈனிகளை, அதாவது உலோக அணுவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அணைவாக்கும் மூலக்கூறுகளை, உங்கள் ஆய்வகங்களிலேயே மாணவர்கள் செய்து பார்க்க வழி ஏற்படுத்துங்கள். இதை இவ்வளவு வற்புறுத்திக் கேட்பதற்கான காரணம் என் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவம் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, கல்லிடைக்குறிச்சியில் இருந்த என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன் எடுத்து வரும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். துணைக்கு நான் போனேன். இரவுப் பேருந்தில் ஏறி, விடிந்ததும் ஒரு பெருநகரத்து மருத்துவமனையில் போய் உட்கார்ந்தோம். காலையில் கையில் ஓர் ஊசி போட்டார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பில் பெரியம்மா என்னிடம் கேட்டார்: "எய்யா, நீ இதத்தான படிக்க, அந்த ஊசியில என்னத்த வச்சிருக்காவ? அது எலும்ப மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சுப் போகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கோபால்ட் அணைவுகளின் நிறங்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, என் பெரியம்மாவின் இரத்தத்தில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் ஓர் அணைவுச் சேர்மம்தான் என்பதே தெரியாது.

பிற்பகலில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பும் விலா எலும்புகளும் மங்கலாகத் தெரிந்தன. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒன்று பளிச்சென்று ஒளிர்ந்தது. வயிற்றிலும் ஒரு பெரிய ஒளித்திட்டு இருந்தது. நோய் அங்கெல்லாம் பரவிவிட்டது என்று எண்ணி நாங்கள் நடுங்கிப் போனோம். படத்தைப் பார்த்தவர், "மருந்து சரியாக அமையவில்லை, அடுத்த வாரம் மறுபடி வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அன்றிரவே பேருந்தில் ஏறினோம். ஊர் வந்து சேரும்வரை பெரியம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். மறு வாரம் எடுத்த ஸ்கேனில் கழுத்தில் ஒன்றும் இல்லை, வயிற்றிலும் ஒன்றும் இல்லை, எலும்புகள் தெளிவாக இருந்தன. இடைப்பட்ட அந்த ஏழு நாட்கள் எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை இங்கே விவரிக்க நான் விரும்பவில்லை.

அன்று நடந்தது என்ன என்பதைப் பிற்பாடு நான் இத்துறைக்குள் வந்தபிறகு புரிந்துகொண்டேன். அது முழுக்க முழுக்க வேதியியல். எலும்பு ஸ்கேனுக்குரிய உலோகம் டெக்னீசியம்-99எம். அது நம் கைக்கு வரும்போது பெர்டெக்னீட்டேட் என்னும் எதிர்மின் அயனியாக, ஏழாம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் எந்த ஈனியும் அதை எளிதில் பிடிக்காது. ஆகவே, உறையவைத்து உலர்த்திய வெண்பொடியாக ஒரு சிறு குப்பியில் அடைக்கப்பட்டிருக்கும் 'கோல்டு கிட்'டில், எம்.டி.பி. என்னும் பாஸ்பனேட் ஈனியோடு சிறிதளவு ஸ்டேனஸ் குளோரைடும் சேர்த்து வைக்கிறார்கள். ஸ்டேனஸ் வெள்ளீயம் டெக்னீசியத்தை ஒடுக்க, ஒடுங்கிய உலோகத்தைப் பாஸ்பனேட் கவ்விக்கொள்ள, அந்த அணைவு எலும்பின் கால்சியம் பாஸ்பேட் படிகங்களின் மேல், அதிலும் புது எலும்பு உருவாகிக்கொண்டிருக்கும் இடங்களில் கூடுதலாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. குப்பிக்குள் காற்று புகுந்துவிட்டால் ஸ்டேனஸ் அயனி ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகிவிடும். ஒடுக்கப்படாத பெர்டெக்னீட்டேட் அப்படியே தங்கிவிடும். அளவிலும் மின்சுமையிலும் அயோடைடு அயனியை ஒத்திருப்பதால், உடல் அதை அயோடைடு என்றே எண்ணித் தைராய்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் இரைப்பைக்கும் கொண்டு போகும். பெரியம்மாவின் கழுத்தில் ஒளிர்ந்தது நோயில்லாத தைராய்டு. கெட்டுப்போனது குப்பி.

இதை ஊசி போடுவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். ஒரு சிறிய குரோமட்டோகிராபித் தாள்கீற்றின் அடியில் மருந்தை ஒரு சொட்டு வைத்து, அசிட்டோனில் நிறுத்தினால், கட்டுப்படாத பெர்டெக்னீட்டேட் கரைப்பானோடு மேலே ஏறிவிடும். அணைவு அடியிலேயே நிற்கும். தாளை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டுகளின் கதிரியக்கத்தையும் எண்ணிப் பார்த்தால் எத்தனை விழுக்காடு கெட்டிருக்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உங்கள் இளங்கலை மாணவர் பூவின் நிறமிகளைப் பிரித்துக் காட்டும் அதே தாள், அதே முறை. அன்று அந்த இடத்தில் அதைச் செய்து பார்க்க ஒரு வேதியியலாளர் இல்லை, அல்லது இருந்தவருக்கு நேரம் இல்லை. அந்தக் குறையை என் வாழ்க்கைப் பணியாக எடுத்துக்கொண்டேன். என் பணியிடத்தில் இன்றுவரை தாள் பார்க்காமல் ஒரு குப்பியையும் வெளியே அனுப்பியதில்லை.

டெக்னீசியத்தின் கதையையே ஒரு முழு வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். மெண்டலீவ் தம் அட்டவணையில் மாங்கனீசுக்குக் கீழே விட்டு வைத்த வெற்றிடத்தை வெகுகாலம் யாராலும் நிரப்ப முடியவில்லை. ஏனெனில் அந்த 43ஆம் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூடக் கிடையாது. 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும், அமெரிக்காவின் பெர்க்லி சைக்ளோட்ரானில் கதிர்பட்டு வந்த ஒரு மாலிப்டினத் தகட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். அடுத்த ஆண்டே செக்ரேயும் கிளென் சீபோர்க்கும் டெக்னீசியம்-99எம்மைக் கண்டறிந்தார்கள். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். அது விடும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடலைத் தாண்டி வெளியே வந்து காமிராவில் பதியப் போதுமானது, சில மில்லிமீட்டர் ஈயத்தால் தடுத்துவிடவும் கூடியது. ஒரு நோயாளிக்கு எலும்பு ஸ்கேனுக்குச் செலுத்தும் 740 மெகாபெக்கரல் (ஒரு மெகாபெக்கரல் என்பது நொடிக்குப் பத்து லட்சம் சிதைவுகள்) அளவில் இருக்கும் டெக்னீசியம்-99எம்மின் எடை நான்கு நானோகிராமுக்கும் குறைவு. அரை ஆயுட்காலத்தையும் அவகாட்ரோ எண்ணையும் கொடுத்து, இந்த எடையைக் கணக்கிடும்படி உங்கள் மாணவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விடையைக் கண்டதும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது என் நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியாத, எடைபோட முடியாத அளவில் வேதியியல் செய்கிறோம் என்ற உணர்வு வந்த மாணவருக்குச் செறிவு, தூய்மை, வினைவேகம் ஆகிய சொற்களெல்லாம் புதிய பொருளைப் பெற்றுவிடும்.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை எப்படி ஊர் ஊராக அனுப்புவது? மும்பையில் புறப்பட்டு ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தால், பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அதனால் டெக்னீசியத்தை அனுப்புவதில்லை. அதைப் பெறும் தாயை அனுப்புகிறார்கள். மாலிப்டினம்-99இன் அரை ஆயுட்காலம் 66 மணி நேரம். அதை அலுமினா நிரம்பிய ஒரு சிறு குழாயில் ஏற்றி, ஈயக் கவசத்துக்குள் வைத்து அனுப்பினால், ஒரு நாள் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதலாகவே குறையும். உள்ளே மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். இரட்டை எதிர்மின்சுமை கொண்ட மாலிப்டேட்டை அலுமினா இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைச் சுமை கொண்ட பெர்டெக்னீட்டேட்டை உப்புநீர் கழுவிக்கொண்டு வந்துவிடும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உருவான இந்த ஜெனரேட்டரை, உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் 'பசு' என்றும், அதிலிருந்து எடுப்பதைக் 'கறப்பது' என்றும் சொல்வது வழக்கம். அடுத்த நாள் அதே நேரத்துக்கு மடி மறுபடி நிறைந்துவிடும். ஈனியைக் குறிக்கத் தமிழ்ப் பாடநூல் எழுதிய பெரியோர் 'ஈன்' என்ற வினையடியிலிருந்து சொல்லெடுத்ததை நினைத்து, கறவையும் ஈனியும் ஒரே மேசையில் சேரும் என் வேலையை எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு.

என் காலைப் பொழுது ஐந்தரை மணிக்கு அந்தக் கறவையோடு தொடங்குகிறது. கையுறை மாட்டி, மார்பில், நான் பெறும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டை குத்தி, ஈயச் செங்கல் அடுக்கின் பின்னால் நின்றுகொண்டு, ஜெனரேட்டரின் ஓர் ஊசியில் உப்புநீர்க் குப்பியையும் மற்றோர் ஊசியில் ஈயக் குடுவைக்குள் இருக்கும் வெற்றிடக் குப்பியையும் செருகுவேன். வெற்றிடம் உப்புநீரை இழுக்கும் மெல்லிய ஓசை இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கறந்ததை அளந்து பார்த்தபிறகு, அதில் அலுமினியம் கலந்திருக்கிறதா என்று ஒரு சொட்டைச் சோதனைத் தாளில் வைப்பேன். அலுமினியம் இருந்தால் தாளில் சிவப்பு படரும். அது உங்கள் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வில் மாணவர்கள் செய்யும் அலுமினான் சோதனைதான். எதற்கு இதை மனப்பாடம் செய்கிறோம் என்று அலுத்துக்கொள்ளும் மாணவரிடம், இதன் விடையை நம்பி ஒரு நோயாளியின் கையில் ஊசி ஏறுகிறது என்று நீங்கள் சொல்ல முடியும்.

அணைவுச் சேர்மப் பாடத்தோடு இன்னும் நெருங்கிய உறவுடையது இதய ஸ்கேன். செஸ்டாமிபி என்னும் அந்த மருந்தில், முதலாம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள டெக்னீசியத்தைச் சுற்றி ஆறு ஐசோநைட்ரைல் ஈனிகள் எண்முகமாக அமர்ந்திருக்கின்றன. டி ஆர்பிட்டாலில் ஆறு எலக்ட்ரான், குறை சுழற்சி: நீங்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் கோபால்ட்டுக்காக வரையும் அதே படம், அதனால் வரும் அதே மந்தத் தன்மை, அதாவது ஈனிகளை எளிதில் விட்டுக்கொடுக்காத குணம். அந்த மந்தத் தன்மையால்தான் இரத்தத்தில் மிதக்கும் ஆயிரம் புரதங்களுக்கும் குளோரைடுக்கும் நடுவில் அது கலையாமல் இதயத் தசை வரை போகிறது. ஒற்றை நேர்மின்சுமையும் கொழுப்பில் கரையும் தோற்றமும் கொண்டிருப்பதால், எதிர்மின்னழுத்தம் உடைய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஈர்க்கப்பட்டு அங்கேயே தங்குகிறது. இதை உருவாக்கியவர்கள் ஆலன் டேவிசனும் அலுன் ஜோன்சும் அவர்களுடைய குழுவினரும். முதலில் அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்றாம்நிலை பியூட்டைல் ஐசோநைட்ரைல் இதயத்துக்குப் போனது உண்மை. ஆனால் மனிதரில் நுரையீரலிலும் கல்லீரலிலும் தங்கிப் படத்தை மறைத்தது. ஈனியின் வாலில் ஒரு மீத்தாக்சி தொகுதியைச் சேர்த்தபிறகு கல்லீரல் அதை விட்டுவிட்டது; இதயம் விடவில்லை. 1990இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஓர் ஆக்சிஜன் அணு ஒரு மருந்தைக் காப்பாற்றிய இந்த வரலாற்றை விட, ஈனி வடிவமைப்பைக் கற்பிக்க நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஐசோநைட்ரைல் என்றவுடன் உங்களுக்குக் கார்பைலமீன் சோதனை நினைவுக்கு வந்திருக்கும். ஓரிணைய அமீனைக் குளோரோபாரத்தோடும் காரத்தோடும் சூடாக்கியவுடன் ஆய்வகம் முழுவதும் பரவும் அந்தச் சகிக்க முடியாத வாடைக்குச் சொந்தக்காரர்தான் இந்த ஈனிக் குடும்பம். எளிதில் ஆவியாகும் இதைக் குப்பியில் எப்படி அடைப்பது என்பதற்கும் அணைவு வேதியியலே வழி சொன்னது. நான்கு ஈனிகளை ஒரு தாமிர (I) அயனியின்மேல் நான்முகியாகக் கட்டி, திண்ம உப்பாக்கிக் குப்பியில் வைத்தார்கள். டெக்னீசியத்தைச் சேர்த்துக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தால், தாமிரம் ஈனிகளை விட்டுக்கொடுக்க, டெக்னீசியம் அவற்றை எடுத்துக்கொள்கிறது. கனிம வேதியியலும் கரிம வேதியியலும் வெவ்வேறு ஆசிரியர், வெவ்வேறு தாள், வெவ்வேறு தேர்வு என்று பிரிந்து கிடக்கும் இடத்தில், இரண்டையும் ஒரே குப்பிக்குள் மாணவருக்குக் காட்ட முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம்முடைய ஊர் பெருநகரங்களிலிருந்து தள்ளியிருப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உலோகங்கள் நமக்கென்றே அமைந்தவை போன்றவை. பெட் ஸ்கேனுக்குப் பெரிதும் பயன்படும் புளோரின்-18 உலோகம் அன்று, சைக்ளோட்ரானில் பிறப்பது, அதன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். மதுரையில் புறப்பட்டுப் பாளையங்கோட்டை வர மூன்று மணி நேரம் ஆனால் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். காலியம்-68இன் அரை ஆயுட்காலமோ 68 நிமிடம்தான். அதே பயணத்தில் ஆறில் ஒரு பங்குதான் வந்து சேரும். ஆனால் காலியத்துக்கு ஜெர்மானியம்-68 என்னும் தாய் உண்டு. அதன் அரை ஆயுட்காலம் 271 நாட்கள். ஒருமுறை வாங்கி வைத்த ஜெனரேட்டரை மாதக்கணக்கில், நாளொன்றுக்கு ஒரு முறைக்கு மேலும் கறக்கலாம். டோட்டா என்னும் வளைய ஈனியோடு ஒரு சிறு பெப்டைடை இணைத்து, அதில் காலியத்தைப் பூட்டிய டோட்டாடேட் மருந்து, நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளைக் காட்டுவதற்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புராஸ்டேட் புற்றுநோயைக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ.-11 அங்கே 2020இல் அனுமதி பெற்றது. தென்காசியிலோ திசையன்விளையிலோ இருக்கும் ஒரு முதியவருக்கு இதன் பயன் என்ன என்பது, அவரை இரவுப் பேருந்தில் ஏற்றி வெளியூருக்குக் கூட்டிப்போன பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதில் இன்னும் முடியாத வேலை நிறைய இருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கான இடம் அங்கேதான். காலியம் (III) அயனி இரும்பு (III) அயனியைப் போலவே இருப்பதால், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் புரதம் அதைப் பறிக்கக் காத்திருக்கிறது. டோட்டாவில் பூட்ட வேண்டுமென்றால் அமில நிலையில் ஏறத்தாழ 95 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மருந்தில் பத்தில் ஒரு பங்கு சிதைந்துபோகும். அறை வெப்பநிலையில் ஒரு நிமிடத்தில் பூட்டும், பின்பு திறக்கவே திறக்காத ஈனிகளைத் தேடுவதில் உலகெங்கும் முனைந்திருக்கிறார்கள். நோயெதிர்ப்புப் புரதங்களோடு அனுப்பும் சிர்க்கோனியம்-89க்கு, தலசீமியா நோயாளிகளின் உடலில் மிகும் இரும்பை வெளியேற்றப் பயன்பட்ட டெஸ்பெரியாக்சமினையே ஈனியாக எடுத்துக்கொண்டார்கள். அது ஆறு கைகளால் பிடிக்கிறது. சிர்க்கோனியமோ எட்டுக் கைகளைக் கேட்கிறது. அதனால் கசியும் சிர்க்கோனியம் எலும்பில் போய்த் தங்குவதை எலிகளில் கண்டார்கள். எட்டுக் கை கொண்ட ஈனிகளைச் செய்யும் முயற்சி அதிலிருந்து தொடங்கியது. தாமிரம்-64இன் சிக்கல் வேறு. அது உடலுக்குள் ஒடுக்கப்பட்டுத் தன் கூட்டை விட்டு நழுவிக் கல்லீரலில் சேர்ந்துவிடும்.

இந்த ஆராய்ச்சியில் ஈனி செய்யும் பகுதிக்குக் கதிரியக்கமே தேவையில்லை என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். சாதாரண தாமிர உப்பும், இயற்கையான காலியம் நைட்ரேட்டும், சிர்க்கோனியம் ஆக்சிகுளோரைடும் விலைக்குக் கிடைப்பவை. அவற்றின் வேதியியலும் கதிரியக்க ஐசோடோப்புகளின் வேதியியலும் ஒன்றே. டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப்பு இல்லாவிட்டாலும் அதற்கு நேர்கீழே ரீனியம் இருக்கிறது. லாந்தனைடு குறுக்கத்தால் இரண்டின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் ரீனியத்தின் அணைவைப் படிகமாக்கி டெக்னீசிய அணைவின் உருவத்தை அறிகிறார்கள். ரீனியத்தை ஒடுக்குவது டெக்னீசியத்தை விடக் கடினம் என்ற வேறுபாட்டையும் மாணவர்கள் கற்றுக்கொள்ளட்டும். நிறமானி ஒன்று இருக்கும் எந்தக் கல்லூரியிலும், ஒரு தாமிர அணைவை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, நிறம் மாற எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கலாம், உலோகங்களை இறுகப் பிடிக்கும் ஈனியான ஈ.டி.டி.ஏ.யைச் சேர்த்துத் தாமிரத்தை அது பறிக்கிறதா என்று பார்க்கலாம். நிலைப்புத்தன்மை மாறிலி (உலோகமும் ஈனியும் எவ்வளவு வலுவாகச் சேர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டும் எண்) பெரிதாக இருப்பதும், அணைவு கலைவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வதும் வெவ்வேறு பண்புகள் என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதைக் காட்டிலும் இந்தச் சோதனை நன்றாகச் சொல்லும். உடலுக்குள் பெரும்பாலும் இரண்டாவதே நோயாளியைக் காக்கிறது.

கதிரியக்கம் உள்ள பகுதிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், பயிற்சி பெற்றவர்களும், பொறுப்பேற்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் வேண்டும். அதில் குறுக்குவழி இல்லை, இருக்கவும் கூடாது. அதற்குரிய இடங்கள் நாட்டில் உள்ளன. 1963இல் தொடங்கிய மும்பை கதிர்வீச்சு மருத்துவ மையம் இத்துறைக்கு ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறது. கிட்டுகளையும் ஜெனரேட்டர்களையும் மருத்துவமனைகளுக்கு அளிக்கும் பிரிட் நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. கொல்கத்தாவில் மருத்துவ ஐசோடோப்புகளுக்காகவே ஒரு சைக்ளோட்ரான் உள்ளது. அணு வேதியியலாளர்களின் சங்கமான இயான்காஸ், கல்லூரி ஆசிரியர்களுக்குக் கதிர்வேதியியலில் பயிலரங்குகள் நடத்துவதை நீண்டகால வழக்கமாக வைத்திருக்கிறது. அப்படி ஒரு பயிலரங்கைப் பாளையங்கோட்டையில் நடத்தித் தரும்படி நீங்கள் சேர்ந்து எழுதிக் கேட்க வேண்டும். அணுசக்தித் துறையின் ஆராய்ச்சி வாரியம் பல்கலைக்கழகங்களுக்கு நல்கும் திட்ட நிதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஈனி உங்களுடையதாகவும், கதிரியக்கச் சோதனை அனுமதி பெற்ற ஒரு மையத்தினுடையதாகவும் இருக்கலாம்.

நம் மாவட்டத்தில் 'கதிர்வீச்சு' என்ற சொல்லைச் சும்மா உச்சரித்துவிட முடியாது என்பதை அறிவேன். கூடங்குளம் நம் கடற்கரையில் இருக்கிறது. இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகள் அவர்கள் வாழ்க்கையைப் பற்றியவை. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மின் உலைகளுக்கும் என் மேசையில் இருக்கும் குப்பிக்கும் தொடர்பில்லை. மருத்துவ ஐசோடோப்புகள் டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் துருவா போன்ற ஆய்வு உலைகளிலும் சைக்ளோட்ரான்களிலும் உண்டாக்கப்படுகின்றன. எலும்பு ஸ்கேன் எடுப்பவர் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஓராண்டில் பெறுவதன் உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஊசி போட்ட மறுநாள், சிறுநீரில் போனது நீங்கலாகவே, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்த விவரம் தெரியாமல் ஸ்கேனுக்கு அஞ்சி நாட்களைக் கடத்திய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அஞ்ச வேண்டிய அளவு எது என்று தெரியாமல் அலட்சியமாக இருந்த ஊழியர்களையும் பார்த்திருக்கிறேன். அச்சத்தையும் அலட்சியத்தையும் எண்ணைக் கொண்டுதான் திருத்த முடியும். அந்த எண்ணை ஊருக்குள் எடுத்துச் சொல்லக்கூடியவர் வெளியூரிலிருந்து வரும் அதிகாரி அல்லர். உங்களிடம் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பிள்ளையே.

2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி நின்றது. ஓராண்டுக்கும் மேலாக அது திரும்ப இயங்கவில்லை. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டது. உலகத்துக்கு மாலிப்டினம்-99 அளித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பழைய உலைகளே என்பதை மருத்துவ உலகம் அப்போது உணர்ந்தது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. எந்த உலோகம் கிடைக்கிறதோ அதற்கேற்ற ஈனியைச் செய்துகொள்ளத் தெரிந்த வேதியியலாளர்கள் ஓர் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் அந்த மாதங்களில் கற்றுக்கொண்டேன்.

வருகிற கோடை விடுமுறையில் வீரவநல்லூருக்கு வருகிறேன். அழைத்தால் எந்தக் கல்லூரிக்கும், அது ஆலங்குளத்தில் இருந்தாலும் வள்ளியூரில் இருந்தாலும், என் செலவிலேயே வந்து ஒரு நாள் முழுவதும் இருப்பேன். காலாவதியான சில கோல்டு கிட் குப்பிகளையும், ஓர் ஈயக் குடுவையையும், குரோமட்டோகிராபித் தாள்களையும், அலுமினான் தாளையும் கொண்டுவருவேன். இவற்றில் கதிரியக்கம் எதுவும் இராது. அலுமினான் தாளில் சோதித்துக் காட்ட, அலுமினியம் கொண்ட படிகாரத் தண்ணீர் மட்டும் உங்கள் ஆய்வகத்தில் கரைத்து வைத்தால் போதும். பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வியை அவர் சொற்களிலேயே மாணவர்களிடம் கேட்டு, பாடநூலைப் புரட்டாமல் அவர்கள் சொல்லும் விடைகளை எழுதிக்கொண்டு போக விரும்புகிறேன்.

பணிவன்புடன்,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்